ஜெனோவாவின் பந்து நிற்கவில்லை

வெள்ளிக்கானலில் இந்தக் கதையை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கொரு இடத்தில் தொடங்குவார்கள். பேக்கரிக்காரர் பந்து தன் கடைப்படியில் ஏறி இறங்கிய காலையிலிருந்து தொடங்குவார், போக்குவரத்துக் காவலர் தங்கமுத்து தான் அதற்கு முதன்முதலில் கை காட்டி வழிவிட்டதிலிருந்து தொடங்குவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்காக லீவு விட்ட நாளிலிருந்து தொடங்குவார்கள். உண்மையில் அது தொடங்கியது ஊருக்கு மேலே, மலையின் நெற்றியில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில், தூறல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு முற்பகலில், பதினேழு வயது ஜெனோவா தன் மட்டையின் முகத்தைத் துடைக்க ஒரு காய்ந்த துணி தேடியபோதுதான்.

அன்று இளையோர் போட்டியின் இறுதி நாள். மற்றவர்கள் பின்தங்கிவிட, கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பெண்கள் அடிக் கணக்கில் சமமாக இருந்தார்கள்; குறைந்த அடிகளில் முடிக்கிறவளுக்குக் கோப்பை. ஒருத்தி உள்ளூர் லாட்ஜ்காரர் லூர்துவின் மகள் ஜெனோவா, இன்னொருத்தி சென்னையிலிருந்து வந்த சுமையா. அந்தக் கடைசிக் குழி இருக்கும் கிரீனை, அதாவது கம்பளம்போல வெட்டிவிட்ட அந்தப் புல்வட்டத்தை, எந்தப் புண்ணியவான் அமைத்தானோ, கவிழ்த்துப்போட்ட தட்டைப்போல அமைத்துவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கையும் விட்டுவைத்திருந்தான். தூரத்திலிருந்து அடித்த பந்து அங்கே விழுந்தால் நிற்காது; துள்ளும், உருளும், கொடிக்கம்பத்தை ஒரு பார்வை பார்க்கும், பிறகு பள்ளத்தில் குதித்துவிடும். எத்தனையோ பிள்ளைகள் அங்கே நின்று அழுதிருக்கிறார்கள். அங்கே பந்தை நிறுத்த ஒரே வழி பின்சுழல்தான்: பந்து முன்னால் பறக்கும்போதே பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகவேண்டும், விழுந்த இடத்தில் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஜெனோவா அதற்காக மழையிலும் பனியிலும் ஒற்றையாய் நின்று அடித்துப் பார்த்தவள். பந்தை மேலே தூக்கிவிட நினைக்கிறவளுக்குப் பின்சுழல் வராது, கீழ்நோக்கி இறக்கி அடிக்கிறவளுக்கே வரும் என்பதும், மட்டை முதலில் பந்தைத் தொட்டுப் பிறகுதான் புல்லைத் தொடவேண்டும் என்பதும், மட்டை முகத்தின் கோடுகளுக்குள் ஒரு துணுக்கு மண்ணோ ஒரு சொட்டு ஈரமோ இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதும் அவள் கைகளுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கிரீனில் மட்டும் பந்து அவள் சொன்னபடி ஒருநாளும் நின்றதில்லை.

சுமையா முதலில் அடித்தாள். பந்து கிரீனில் விழுந்து, ஓடி, பள்ளத்தின் விளிம்பில் வளர்ந்திருந்த புல்லில் சிக்கி, ஒரு தும்மலுக்கு விழுந்துவிடும் நிலையில் நின்றது. கூட்டம் மூச்சு விட்டது. பிறகு ஜெனோவாவின் முறை. இடுப்பில் தொங்கிய துண்டு நனைந்து பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. கூட்டத்தில் நின்ற அவள் அம்மா பிலோமி, கோவிலுக்குப் போட்டுக்கொள்ளும் முக்காட்டைத் தலையிலிருந்து உருவி, "இந்தா, இதுல துடை" என்று எறிந்தாள். ஜெனோவா மட்டை முகத்தின் ஒவ்வொரு கோட்டையும் துடைத்தாள், கால் ஊன்றினாள், தூக்க நினைக்காமல் இறக்கி அடித்தாள்.

சத்தமே வேறாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அரிசி மூட்டையை ஒருவர் தோளிலிருந்து இறக்கியதுபோல ஒரு சத்தம். பந்து கொடியைத் தாண்டி விழுந்தது, கடித்தது, ஒரு நொடி யோசித்தது, பிறகு பின்னால் வரத் தொடங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பந்து குழியை உரசிக்கொண்டு வந்தது, கூட்டம் தலையில் கைவைத்தது. பந்து கிரீனை விட்டு இறங்கியது, புல்வெளியில் வந்தது, அடித்தவளின் காலடி வரைக்கும் வந்து, அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தாண்டிப்போய், மைதானத்தின் வாசல் வழியாக, வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் வைக்க, ஊருக்குள் இறங்கியது.

நடுவர் கர்னல் பொன்னப்பா கையைத் தூக்கினார். "யாரும் தொடக் கூடாது! பந்து இன்னும் ஓடிட்டிருக்கு."

"அப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றாள் சுமையா.

"குழிக்கு யார் பந்து தூரத்துல இருக்கோ அவங்கதான் முதல்ல ஆடணும். அவ பந்து எங்க நிக்கும்னு தெரியாம யார் தூரம்னு எப்படிம்மா சொல்றது? ரெண்டு பேரும் வெயிட் பண்ணணும். ஊரை விட்டுப் போறவங்க ஆட்டத்தை விட்டதா அர்த்தம்."

சுமையாவின் பந்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துவைத்தார்கள். காத்திருந்தார்கள். பந்து அன்றைக்கு நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை.

நடக்கப் பழகுகிற குழந்தையின் வேகத்தில், மேடானாலும் பள்ளமானாலும் ஒரே சீராக, பின்பக்கமாகச் சுழன்றபடி, அது வெள்ளிக்கானலைச் சுற்றி வந்தது. கடைத்தெருவில் நுழைந்து, பேக்கரிப் படியில் ஏறி இறங்கி, மாதா கோவிலை வலம் வந்து, பள்ளிவாசல் சந்தில் திரும்பி, மாரியம்மன் கோவில் வாசலில் போட்ட கோலத்தில் ஒரு இழைகூட அழியாமல் புகுந்து வெளியேறி, ஏரிக்கரையில் காட்டுமாடுகள் முகர்ந்து பார்த்து ஒதுங்கி நிற்க, மறுபடி கடைத்தெருவுக்கு வந்தது. முதல் நாள் ஊர் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் வழிவிட்டது, அதற்குப் பிறகு பந்து வருகிற நேரத்தை வைத்துக் குக்கரை இறக்கத் தொடங்கியது. தங்கமுத்து அதற்காகத் தனியாக ஒரு விசில் அடித்தார். மலைப்பேருந்து டிரைவர்கள் பந்துக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தார்கள். தாமதமானதற்கு யாரும் திட்டவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னிக்கு என்னா அழகா சுத்துது பாரேன்" என்று பேசிக்கொண்டார்கள்.

ரிவர்ஸில் வருகிற பந்து என்பதால், போனதைத் திரும்பக் கொண்டுவரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். குடையைத் தொலைத்தவர்கள் வந்தார்கள், திருப்பூருக்குப் போய் ஃபோனை எடுக்காத புருஷனைக் கேட்டு ஒருத்தி வந்தாள், வழுக்கை விழுந்த தாசில்தார் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பந்தோடு கடைத்தெரு முழுக்க நடந்தார். குடைகள் சில கிடைத்தன. திருப்பூர்ப் புருஷன் வந்து சேர்ந்து, வந்த கையோடு அடியும் வாங்கினான். தாசில்தாரைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு.

பிலோமி வீட்டில் செய்து விற்கும் சாக்லேட்டை வெள்ளையாக, உருண்டையாக, மேலெல்லாம் குழி குழியாகச் செய்தாள். சட்டி காய்வதற்குள் விற்றுப்போயிற்று. எப்போதும் காலியாகக் கிடந்த லூர்து லாட்ஜில் வராந்தாவில்கூடப் பாய் விரித்துப் படுத்தார்கள். லூர்து பெயர்ப்பலகையைக் கழற்றிப் 'பந்து லாட்ஜ்' என்று எழுதி மாட்டினார். பந்தை யாரும் நிறுத்தக் கூடாது என்று நகராட்சி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அந்த மன்றம் ஏகமனதாக எதையும் செய்தது அதுவே முதல்முறை என்பதால், தீர்மானத்துக்கே ஒரு கைதட்டல் விழுந்தது.

எல்லோரையும்விட அதிகமாக வந்தவர்கள் கோல்ஃப் ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர்கள். ஊட்டியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, மட்டைப் பைகளோடு லாட்ஜ் வாசலில் வரிசை கட்டினார்கள். "எங்க பையனுக்கும் அந்தச் சுழல் வரணும்மா. எப்படி அடிச்சே?"

ஜெனோவா இருந்ததைச் சொன்னாள். "மட்டையைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க ஆன்ட்டி. பந்தை மேல தூக்கப் பாக்கக் கூடாது, இறக்கி அடிக்கணும். முதல்ல பந்து, அப்புறம் புல்லு. பாதியில பயந்து நிறுத்தக் கூடாது, முழுசா வீசி முடிக்கணும். நீளமான புல்லுலேர்ந்து வராது, பந்து வெட்டின புல்லுல கிடக்கணும்."

"அது சரி, அந்த முக்காடு எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார்கள்.

மலையில் முக்காட்டுத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. பாதிரியார் பிரசங்கத்தில், அது சாதாரண நைலான் என்று சொல்லிப் பார்த்தார்; அதற்குப் பிறகு நைலானும் கிடைக்கவில்லை.

சுமையாவும் அவள் உம்மாவும் தங்கியது அதே லாட்ஜில்தான். வேறு அறை இல்லாததால் உம்மாவுக்குப் பிலோமியின் அறை, சுமையாவுக்கு ஜெனோவாவின் கட்டிலில் பாதி. முதல் நாள் இருவரும் நடுவில் ஒரு தலையணையை வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். மறுநாள் காலை சுமையாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? என் பந்து ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

"எங்க, அடி பாப்போம்."

லாட்ஜுக்குப் பின்னால் துணி காயும் வெட்டவெளியில் சுமையா அடித்தாள். ஜெனோவா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ பந்தை அடிக்கலடி, கரண்டியால குலோப் ஜாமூனை அள்ற! இப்படித் தூக்கினா அது எங்க சுத்தும்? அமுக்கு. கை முன்னால இருக்கட்டும், மட்டை பின்னால வரட்டும். பந்துக்கு அந்தப் பக்கம் புல்லு பெயரணும், இந்தப் பக்கம் இல்ல."

சுமையா அமுக்கினாள். பந்துக்கு இந்தப் பக்கமே புல்லைப் பெயர்த்தாள், மண்ணைப் பெயர்த்தாள், ஒரு தடவை லூர்துவின் தண்ணீர்க் குழாயையும் பெயர்த்தாள். பிறகு ஒருநாள் பந்து போய் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, சடக்கென்று நின்றது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவே தட்டாமாலை சுற்றினார்கள். பதிலுக்குச் சுமையா குழிக்குள் பந்தைத் தள்ளுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். அதில் அவள் கெட்டிக்காரி. நடுவில் இருந்த தலையணை எப்போது கீழே விழுந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஊரில் அழுதது சுமையாவின் உம்மா மட்டும்தான். கீழக்கரையில் மூத்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று வந்தவர்கள், முடியாத ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைவரை வந்துவிட்டார்கள். ஃபோனில் மணப்பெண் கத்துவது கட்டிலின் மறுபாதிக்கும் கேட்டது. "எனக்கு மருதாணி வைக்க நீ இல்லாம எந்த மதினி வரணும்? உன் பந்து பெருசா, நான் பெருசா?"

சுமையா ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்குக் காலையில பஸ் ஏறுறோம் ஜெனோ. கோப்பை உனக்குத்தான். வெச்சுக்க."

காலையில் லூர்து மகளைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பா, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா இரு. அவங்க பஸ் மலை இறங்கினா கோப்பை உனக்கு. பந்தும் ஓடும், நம்ம லாட்ஜும் ஓடும்."

"அது ஜெயிச்சதா ஆகுமாப்பா?"

"பேப்பர்ல போடுவாங்கல்ல?"

ஜெனோவா வெளியே வந்தாள். வாசலில் வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கையெடுத்தார்கள். இத்தனை நாளாக ஊரே அவளால் பூரித்துக் கிடந்தது, அவளும்தான் பூரித்துக் கிடந்தாள், ஆனால் இறக்கி அடித்ததற்கு அவள் கேட்டது இதையல்ல. அவள் கேட்டது ஒரு பந்து சொன்ன இடத்தில் நிற்பதை. மட்டையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

பேருந்து பேக்கரிக்கு எதிரே உறுமிக்கொண்டு நின்றது. தங்கமுத்து சிறப்பு விசிலை அடித்தார். பேக்கரிப் படியில் ஏறி இறங்கிய பந்து, வெயிலில் பளபளத்துக்கொண்டு, தெருவின் நடுவே வந்துகொண்டிருந்தது. ஜெனோவா அதன் முன்னால் போய் நின்றாள்.

கர்னல் ஜீப்பிலிருந்து குதித்தார். "ஜெனோவா! வேணும்னே நிறுத்தினா ரெண்டு அடி தண்டனை, உன் கணக்குல கூடும்! தோத்துடுவே!"

"தெரியும் சார்."

"பாப்பா, லாட்ஜு!" என்று லூர்து அலறினார். நகராட்சித் தலைவர் தீர்மானத்தை நினைவூட்டினார். தாசில்தார் தலையைத் தடவிக்கொண்டார். ஜெனோவா ஷூவைக் கழற்றினாள், வலது காலைத் தூக்கினாள், அதே நொடியில் பேருந்தின் பின்வாசலிலிருந்து சுமையா, "ஏய் லூசு!" என்று கத்திக்கொண்டு, ஒரு செருப்பு எங்கோ பறக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தன் காலையும் வைத்தாள்.

இரண்டு பாதங்களுக்கு அடியில் பந்து கிறுகிறுவென்று சுற்றியது. உள்ளங்கால் கூசி இருவரும் கீச்சிட்டார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், தார்ச்சாலையிலிருந்து மெல்லப் புகை எழுந்தது, சிரிப்பு கூட்டத்துக்குத் தொற்றி, பேருந்துக்குள் தொற்றி, மாதா கோவில் படிவரை போனது. பிறகு பந்து, தூங்கிப்போகிற கோழிக்குஞ்சைப்போல, அடங்கி நின்றது.

"நீ எதுக்குடி காலை வெச்சே?" என்றாள் ஜெனோவா, மூச்சு வாங்க.

"அடுத்தவ பந்தை நிறுத்தினா எனக்கும் ரெண்டு அடி தண்டனை. இப்ப சமம். சார், சமம்தானே?"

கர்னல் மீசையைத் தடவினார். "ரெண்டு பேர் சேர்ந்து நிறுத்துறதைப் பத்தி எந்த விதியிலயும் இல்ல" என்றார் கடைசியில். "அதனால சமம்தான். பந்து நின்ன இடத்துலேர்ந்து ஆடு."

பந்து நின்ற இடம் பேக்கரிக்கு எதிரே, தார்ச்சாலை. குழி இருந்த இடம் மாதா கோவில் கோபுரத்துக்கு அப்பால், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு மேலே. பேருந்து டிரைவர் இன்ஜினை அணைத்தார். "முடிச்சிட்டு வாங்கம்மா, கீழக்கரைக்கு நான் சேக்குறேன்" என்றார். சுமையாவின் உம்மா படியிறங்கி வந்து, தன் துப்பட்டா முனையை நீட்டினார். "இதுல தொடச்சுக்கம்மா. இதுவும் நைலான்தான்."

ஜெனோவா துடைத்தாள். தார்ச்சாலையில் மட்டை முதலில் தரையைத் தொட்டால் மணிக்கட்டு போய்விடும். முதலில் பந்து என்று சொல்லிக்கொண்டாள். தூக்காதே. இறக்கு. பாதியில் நிறுத்தாதே. வீசி முடித்தபோது தாரில் ஒரு தீப்பொறி தெறித்தது, பந்து பேருந்துக்கு மேலே ஏறி, கோபுரத்தின் சிலுவைக்கு மேலே ஏறி, ஊரே அண்ணாந்து பார்க்க, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. ஊர் மலையேறி ஓடியது. பிலோமி சாக்லேட் சட்டியோடு ஓடினாள், தங்கமுத்து விசிலோடு ஓடினார், லூர்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

பந்து கிரீனில் இருந்தது. குழிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விழுந்த வடுவிலேயே, ஒரு விரல்கூட முன்னால் போகாமல், ஒரு விரல்கூடப் பின்னால் வராமல், நின்றிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. இத்தனை நாளும் ஓடுவதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, நிற்கிற பந்தை எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. ராட்டினத்திலிருந்து இறங்கியவர்களைப்போல ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். ஜெனோவா மட்டும் அதன் அருகே மண்டியிட்டு உட்கார்ந்து, தொடாமல், நெடுநேரம் பார்த்தாள். நின்றது. அவள் சொன்ன இடத்தில் நின்றது.

"இன்னும் நான் இருக்கேன்" என்றாள் சுமையா.

கூடையை எடுத்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் பந்து அப்படியே இருந்தது. அங்கிருந்து கிரீன் சற்று ஏறி, குழியைத் தாண்டிச் சரிவாக இறங்கியது. மெதுவாகத் தள்ளினால் புல்லிலேயே சிக்கும், வேகமாக அடித்தால் ஊருக்குள்ளேயே போகும். சுமையா ஜெனோவாவைப் பார்த்தாள். ஜெனோவா உதட்டை மட்டும் அசைத்தாள்: அமுக்கு. சுமையா கைகளை முன்னால் வைத்து, இறக்கி அடித்தாள். பந்து தாவியது, ஒரு துள்ளல், இரண்டாவது துள்ளலில் புல்லைக் கடித்துத் தயங்கியது, அந்தத் தயக்கத்திலேயே மெல்ல நழுவிக் குழிக்குள் விழுந்தது.

முதலில் கத்தியது யாரென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஜெனோவாதான். தன் பந்து குழிக்குள் போக இன்னும் ஒரு அடி வேண்டும், அந்த ஒரு அடியில் தான் தோற்றுப்போனதைப் பிறகுதான் உணர்ந்தாள், உணர்ந்தபிறகும் கத்துவதை நிறுத்தவில்லை. இருவரும் குழியைச் சுற்றிக் குதிக்க, கர்னல் தொப்பியைக் கழற்றி எறிந்தார், அது பள்ளத்தாக்கில் போய் விழுந்தது.

லூர்து கொஞ்சநேரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு சுமையாவின் உம்மாவிடம் போய், "கல்யாணம் ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். உம்மா நேரத்தைச் சொல்லிவிட்டு அழைத்தார். "நீங்களும் வாங்களேன் அண்ணே, எல்லாரும்." ஏற்கெனவே காலியாகத் தொடங்கியிருந்த லாட்ஜைப் பூட்டிவிட்டு லூர்து பேருந்தில் ஏறினார், பிலோமி ஏறினாள், பேக்கரிக்காரர் ஒரு பெட்டி கேக்கோடு ஏறினார், தங்கமுத்து வழிவிட ஆளில்லாத தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் ஏறினார். இடமில்லாதவர்கள் ஜீப்பில் கர்னலோடு வந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே குரலில் சிரித்தார்கள்.

கீழக்கரையில் மணப்பெண், கல்யாணச் சேலையோடு வாசலுக்கே ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள், அடித்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். பிறகு பின்னால் தயங்கி நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் தோத்துப்போன பொண்ணா?"

"ஆமா ராத்தா!" என்றாள் ஜெனோவா, சுமையா அக்காவைக் கூப்பிடுவதைப்போலவே. "ஒரே ஒரு அடியில!"

அவள் சொன்ன சந்தோஷத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. மணப்பெண் ஜெனோவாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னதாக, பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் விருந்தின் முதல் சஹனில் உட்காரவைத்தாள்.